பத்துப் புத்தகங்களும் மூன்றாவது தடவையும்

பிப். 9, திங்கள்
காலையில் பனி, பத்து மணிக்கே புழுக்கம். சாரத்தில் இருக்கும் பள்ளிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் நூலகப் பகுப்பு எண்களை முணுமுணுத்துக்கொண்டே. மதம் 200, மொழி 400. பக்கத்து அம்மா, "இன்னாம்மா, சாமி மந்திரமா?" ஆமாம் என்றேன்.

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். நூலகர் சான்றிதழ் இல்லாதவர்கள் ஜூனுக்குப் பிறகு நூலகத்தில் இருக்க முடியாதாம். "ஒம்பது வருஷமா நீங்கதான் பாத்துக்குறீங்க, எனக்குத் தெரியாதா கலா? மேல கேக்குறாங்களே." அந்தத் தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம். இரண்டு போயாயிற்று. இரண்டிலும் எழுத்துத் தேர்வு பாஸ், செய்முறையில் கோட்டை விட்டேன். மேசையில் பத்துப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் எண் போட வேண்டும், குறைந்தது எட்டு சரியாக இருக்க வேண்டும். போன தடவை பாதியில் நின்றுவிட்டேன்.

பிப். 11, புதன்
வாங்க: பென்சில், ரப்பர், தைலம், இட்லி அரிசி.
படிக்க: 300 முழுக்க. 600 மறுபடி.

என் நூலகத்தில் எண்ணே கிடையாது. பேய்க் கதைக்கு ஒரு தட்டு, சிரிப்புக்கு ஒரு தட்டு. ஆறாம் வகுப்புப் பெண்கள் "மிஸ், அழுவுற மாதிரி கதை குடுங்க" என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பேன். அதற்கு மார்க் இல்லை. எரிச்சல்.

இவர் கடலுக்குப் போய் வந்து, வலையை அலசிப் போட்டுவிட்டு, கையில் கிடைத்ததை எல்லாம் தூக்கிக் காட்டுகிறார். "இது இன்னா நம்பர்?" மகளின் வேதியியல், 540. சரி. அடுத்து கேஸ் சிலிண்டர் புத்தகத்தை நீட்டினார். கொஞ்சம் சிரித்தேன்.

பிப். 13, வெள்ளி
சோறு இறங்கவில்லை. மகள் நித்யா: "ஃபெயில் ஆனா ஆபீஸ்லதானே போடுவாங்க? இன்னா இப்போ?"

அவளுக்கு என்ன தெரியும். எனக்கு அந்த அறை வேண்டும். வேறு ஒருத்தி வந்து என் தட்டுகளைக் கலைப்பதை நினைத்தாலே அழுகை வருகிறது.

பிப். 14, சனி
தேர்வு முடிந்தது. லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரி. மின்விசிறி ஓடியும் வியர்வை. ஆனால் பாதியில் நிற்கவில்லை. பத்துக்கும் எண் போட்டேன்.

பிறகு தேர்வாளர் அம்மா எதிரில் உட்கார்ந்து திருத்தினார். ஒன்பது பார்ப்பதற்குள் இரண்டு தப்பு, ஏழுதான் சரி. பத்தாவதில் பேனா நின்றது. மீன் பிடிப்பது பற்றிய ஆங்கிலப் புத்தகம். யோசிக்காமல் 639 போட்டிருந்தேன், மீன்பிடித் தொழிலுக்கான எண்.

"அட்டையப் பாத்தீங்களா?"

தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர், மடக்கு நாற்காலி, தூண்டில், ஏரிக்கரை.

"இது பொழுதுபோக்கும்மா. விளையாட்டுல வரும், 799. புடிச்ச மீனத் திரும்பத் தண்ணியிலயே விட்டுடுவாங்க. ஒரே ஒரு நம்பர் மாத்திக்கலாம், ரூல் இருக்கு. மாத்துறீங்களா?"

மீனவக் குப்பத்தில் பிறந்து குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். மீன் பிடிப்பதை விளையாட்டோடு வைப்பார்கள் என்று எனக்கு எப்படித் தோன்றும்? வாய் வரை வந்தது. 639-ஐ அடித்துவிட்டு 799 எழுதினேன். சரி போட்டார். "தேறிட்டீங்க, லெட்டர் வரும்." நல்ல மனுஷிதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். சந்தோஷமா அவமானமா தெரியவில்லை, இரண்டும்தான்.

வீட்டில் இவர் வாசலிலேயே. விடியற்காலையில் கயிறு அறுத்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "இன்னாச்சு கலா?" பாஸ் என்றேன். தெருவுக்கே கேட்கக் கத்தினார். நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்து, எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "இன்னா இன்னா புக்கு வச்சாங்க, ஒண்ணொண்ணா சொல்லு."

சொன்னேன். விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

"ஒம்போதுதான் ஆச்சு. இன்னொண்ணு?"

மறந்துவிட்டது என்றேன்.