முடிச்சிட்டே போவட்டும்

அன்பு அண்ணா,

மரக்காணத்து வீட்டில் உன் அறை இப்போது காலியாக இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகும் உன் மூன்று கணினிகளை நிறுத்தாமல் ஓட்டினேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்டவற்றை வாங்கி வந்து, உப்புக்காற்றில் துருப்பிடித்த திருகுகளை மாற்றி, நீ எழுப்பி உட்காரவைத்தவை. கட்டற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலிருந்தும் இணையம் வழியாக உள்ளே வந்து, தங்கள் நிரல் இப்படி வேறு வகைச் சில்லு கொண்ட அபூர்வமான கணினியிலும் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். காசு கிடையாது. “எல்லா மெஷினும் தன்னுது மாதிரியேன்னு நெனச்சவன் இங்க வந்துதான் விழுவான்” என்று சிரிப்பாய்.

சனி ஞாயிறு மட்டும் வந்துபோகும் எனக்கு அவற்றின் விசிறிச் சத்தம் ஆறுதலாக இருந்தது. வாரம் முழுக்க அதோடு தனியாக இருக்கும் அம்மாவுக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுத் தட்டோடு உன் அறை வாசல்வரை போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“அந்த சத்தம் கேட்டா அவன் உள்ள இருக்கான்னு ஒரு நிமிஷம் தோணிடுதுடி. நிறுத்திடு.”

அன்றே, உன் கணினிகளுக்குள் வந்துபோகும் அந்த ஆட்களுக்கு எழுதினேன்: நீ இறந்துவிட்டாய், கணினிகளை நிறுத்தப்போகிறேன் என்று. பலர் வருந்தி எழுதினார்கள். அவர்களில் ஒருவரும் உன் குரலைக் கேட்டதில்லை. ஒருவர் மட்டும் சுருக்கமாக வருத்தம் சொல்லிவிட்டு, தன் சோதனை பாதியில் ஓடிக்கொண்டிருக்கிறது, முடியும்வரை விட முடியுமா என்று கேட்டார்.

அம்மாவிடம் சொன்னேன். யார் அவர் என்றாள். தெரியாது என்றேன்.

“நம்ம வூட்டுக்குள்ள வந்து வேலை பாக்குறாரு, யாருன்னே தெரியாதா?” ஜன்னல் வழியே உப்புக் குவியல்களைப் பார்த்தாள். “சரி, முடிச்சிட்டே போவட்டும். பாதியில எழுப்பாத.”

முடிந்தது. அவருடைய நிரல் தோற்றுப்போனது. நன்றி சொன்னார். திருத்திக்கொண்டு மறுபடி வரலாமா என்றும் கேட்டார். இல்லை என்று எழுத எனக்குக் கை வரவில்லை. லோடு ஆட்டோ பிடித்து, பெரிய முதலியார்சாவடியில் நான் தங்கும் வாடகை அறைக்கே அவற்றைக் கொண்டுவந்துவிட்டேன்.

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே அடுக்கியிருக்கிறேன். யாரோ வருகிறார்கள், ஓட்டிப் பார்க்கிறார்கள், போகிறார்கள். திரையில் பெயர் மட்டும் தெரிகிறது. அறையில் நான் ஒருத்திதான். உனக்கும் இப்படித்தான் இருந்ததா? இத்தனை பேர் வந்துபோயும்?

நேற்று அம்மா போன் செய்தாள். சாப்பிட்டாயா என்றாள். மழையில் உப்பள வேலை நின்றுபோனதைச் சொன்னாள். பிறகு தயங்கி, “அங்க சத்தமா இருக்குதா?” என்றாள்.

“இருக்குதும்மா.”

“போனை அது பக்கத்துல கொஞ்சம் வை.”

வைத்தேன். அவளாகத் துண்டிக்கும்வரை எடுக்கவில்லை.

அவள் கேட்கும்போதெல்லாம் வைப்பேன், அண்ணா. ஏன் என்று கேட்கமாட்டேன்.

உன் தங்கச்சி,
கலை