நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை

செப்டம்பர் 9

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

அக்கா வெர்னா எழுதுவது. நீயும் கேரனும் ஒஹையோவில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அலபாமாவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. கொல்லையில் போட்ட வெண்டைக்காய் முற்றிப்போய் விறகாகிவிட்டது.

போனில் கூப்பிடாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் மாமா காதில் விழுகிறது. உன் பெயரை எடுத்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறார். அதனால் துணி துவைக்கும் மெஷினின் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். அது ஆடுவதால் எழுத்தும் ஆடுகிறது, பொறுத்துக்கொள்.

போன வருஷம் நன்றித் திருநாளன்று இந்த வீட்டில் நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று பொய் சொல்லமாட்டேன். உங்கள் இருவருக்கும் நடுவில் முப்பது வருஷமாக உட்கார்ந்து வான்கோழி பரிமாறியவள் நான். கல்லூரி ஃபுட்பாலில் எங்கள் தெற்கு லீக் பெரிதா, நீ வடக்கே வேலைக்குப் போய் சுவீகாரம் எடுத்துக்கொண்ட லீக் பெரிதா என்று கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிற்று. "உங்க ஆளுங்க லீக்குக்குள்ள எட்டு ஆட்டம்தான் ஆடுறாங்க மாமா, நாங்க ஒம்போது" என்று நீ ஆரம்பிப்பாய். "உங்க ஒம்போதும் எங்க நாலுக்குச் சமம்டா" என்று அவர் முடிப்பார். அப்புறம் பீக்கான் பருப்பு போட்ட இனிப்புப் பை வரும், இருவரும் வாயை மூடுவீர்கள். அது ஒரு வழக்கம். அதில் யாருக்கும் காயம் பட்டதில்லை.

போன வருஷம் நீ அதோடு நிறுத்தியிருக்கலாம். "நவம்பர்ல பெரிய ஆட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு சோப்ளாங்கி டீமைக் கூட்டிட்டு வந்து அம்பது பாயின்ட் அடிக்கறீங்களே, அது என்ன வீரம்?" என்று கேட்டாய். அதுவரைக்கும் சரி. "உங்க வாழ்க்கையும் உங்க டீம் அட்டவணை மாதிரிதான் மாமா. கஷ்டமான ஆள் எதிர்ல வந்தா ஊரை விட்டு வெளியே வராம வீட்லயே இருந்துக்குவீங்க" என்றாய். அவர் கறி வெட்டும் கத்தியைத் தட்டில் வைத்தார். "என் வீட்டு மேஜையில உக்காந்து பேசற பேச்சா இது? எந்திரிச்சுப் போடா" என்றார். நீயும் போனாய். பன்னிரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவன் பை கூடச் சாப்பிடாமல் போனாய். பத்து மாதம் ஆகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் மாமாவுக்குப் படியேறினால் மூச்சு வாங்குகிறது. பர்மிங்ஹாமில் காட்டினோம். இதயத்தில் மூன்று குழாய் அடைத்திருக்கிறதாம். பைபாஸ் செய்ய வேண்டும், இந்த மாதமே செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த ஆட்ட அட்டவணையைப் பிய்த்து எடுத்தார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "இது லூசியானாக்காரனோட, விட முடியாது. இது டென்னசிக்காரனோட, செத்தாலும் விட முடியாது" என்று ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பென்சில் ஓரிடத்தில் நின்றது. நவம்பர் மூன்றாம் சனிக்கிழமை. வெஸ்ட் கிளேபார்ன் என்று ஒரு சின்னக் கல்லூரி, ஊர் எங்கே இருக்கிறதென்றே யாருக்கும் தெரியாது. "அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அறுத்துக்கலாம். அந்தச் சனிக்கிழமை ஆஸ்பத்திரில கிடந்தா ஒண்ணும் கெட்டுப்போகாது. அதுக்கு அடுத்த சனிதானே பரம எதிரியோட ஆட்டம், அதுக்குள்ள வீட்டுக்கு வந்துருவேன். இது என்ன, ஒரு ஆட்டமா?" என்றார்.

சொன்னவர் சட்டென்று பென்சிலைக் கீழே வைத்தார். "இதை உன் தம்பிகிட்ட சொல்லாத" என்றார். ஆஸ்பத்திரி விஷயத்தையா என்று கேட்டேன். "அதையும்தான்" என்றார்.

டாக்டர் தொலைபேசியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நானும் அழுது பார்த்தேன். அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு அலுத்துவிட்டது ராய்ஸ். நீ சொன்னால் கேட்பார் என்றில்லை, ஆனால் நீ சொன்னால் கோபித்துக்கொண்டாவது இரண்டு வார்த்தை பேசுவார். ஒரு கார்டாவது போடு.

உன் அன்பு அக்கா,
வெர்னா


அக்டோபர் 23

அன்புள்ள ராய்ஸுக்கு,

உன் கார்டு வந்தது. "மாமாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். முதலில் அவர் பேசட்டும்." இரண்டே வரி. ரோஷத்தில் நீயும் அவரும் ஒரே அச்சு. உங்களுக்குள் ரத்த சம்பந்தம் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இதை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பயப்படாதே, உயிரோடு இருக்கிறார்.

சனிக்கிழமை டென்னசி ஆட்டம். மைதானத்துக்கு வெளியே அந்த ஓக் மரத்தடி இடம் உனக்கு ஞாபகம் இருக்கும், இருபத்தாறு வருஷமாக வண்டியை அங்கேதான் நிறுத்தி, ஆட்டத்துக்கு முன்னால் சமைத்துச் சாப்பிட அடுப்பு மூட்டுகிறோம். நீ கூட ஒரு தடவை அங்கே வேகவைத்த கடலையைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தாய். அன்று உன் மாமா அடுப்புப் பக்கமே வரவில்லை. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தீவனக் கடை ஹோய்ட் வந்து, "என்ன டெல்மர், வியாழக்கிழமை ரேடியோல போன் பண்ணிச் சண்டை போடற உன் குரலையே காணோம். வடக்கத்தியான் எவனோ போன் பண்ணி நம்ம அட்டவணை பஞ்சு மிட்டாய் மாதிரி லேசுன்னு சொல்றான், நீ பதில் சொல்லாம இருக்க?" என்று சீண்டினான். இவர் சிரித்தார். பேச மூச்சு இல்லை என்று ஹோய்ட்டிடம் சொல்ல வெட்கம்.

உள்ளே போய் உட்கார்ந்தோம். ஆட்டத்தின் மூன்றாம் கால் பகுதியில் நம் பையன் ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி ஓடினான். எண்பதாயிரம் பேர் எழுந்தார்கள். உன் மாமாவும் எழுந்தார். அப்படியே முன் வரிசை ஆள்மேல் சாய்ந்தார். கூட்டத்தின் சத்தத்தில் நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. ஹோய்ட்தான் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். அன்று சாயங்காலமே நெஞ்சைத் திறந்து அறுவை செய்தார்கள். குழாயைச் சரிசெய்தாகிவிட்டது, ஆனால் மாரடைப்பு வந்தபோது இதயத்தில் பாதிக்கு மேல் கெட்டுப்போய்விட்டது என்கிறார் டாக்டர். நாங்கள் நவம்பருக்குக் குறித்து வைத்திருந்தோம். செப்டம்பரில் நான் இன்னும் கொஞ்சம் அழுதிருக்க வேண்டும்.

கோபமாக இருக்கிறேன், அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். நம் அம்மா என் வீட்டில் கழித்த கடைசி ஏழு வருஷத்தைப் பற்றி நான் உனக்கு எழுதியதில் பாதிதான் உண்மை. ஞாபகம் மங்கிவிட்டது என்று எழுதினேன். உன் மாமாவைத் திருடன் என்று நினைத்து மணிக்கட்டைக் கடித்ததை எழுதவில்லை. குளிப்பாட்ட என்னை அண்டவிடமாட்டாள். அவர்தான் தலைக்குத் தண்ணீர் விடுவார், கெட்ட வார்த்தையெல்லாம் கேட்டுக்கொண்டே. அட்லாண்டாவில் ரயில்வே வேலை வந்தது, சம்பளம் அப்போது வாங்கியதைப்போல் இரண்டு மடங்கு. "இந்தக் கிழவியை யார் பாத்துக்கறது?" என்று வேண்டாம் என்றார். "ராய்ஸுக்கு எழுதாத, அவன் அங்க நிம்மதியா வேலை பாக்கட்டும்" என்று சொன்னவரும் அவர்தான்.

கஷ்டமான ஆள் வந்தால் வீட்டிலேயே இருந்துகொள்வார் என்றாய். வீட்டில்தான் இருந்தார் தம்பி. கஷ்டமான ஆள் வீட்டில்தான் இருந்தாள். அவள் உனக்கும் அம்மா.

இதை உன்னிடம் சொன்னதற்கு அவர் என்னை மன்னிக்கமாட்டார். நர்ஸ் கூப்பிடுகிறாள்.

வெர்னா


நவம்பர் 17

அன்புள்ள தம்பி ராய்ஸுக்கு,

போன கடிதத்தைச் சுடச்சுட எழுதிவிட்டேன். தபாலில் போட்டபிறகு, பெட்டிக்குள் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். அதற்கு நீ பதில் எழுதாததில் எனக்கு வருத்தமில்லை. என்ன எழுதுவது என்று தெரியாமல் நீ மேஜையில் உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

உன் மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்து பத்து நாள் ஆகிறது. கூடத்தில் அந்தச் சாய்வு நாற்காலியில்தான் எல்லாமே. உப்பில்லாத சாப்பாடு. கொழுப்பில்லாத கோழி. அவர் எதற்கும் முகம் சுளிப்பதில்லை, வைத்ததைச் சாப்பிடுகிறார். மகள் ட்ரெசா வாரம் ஒருமுறை வந்து போகிறாள். ஹோய்ட் தினமும் வந்து கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறான். சர்ச்சிலிருந்து மக்ரோனி மேல் மக்ரோனியாக வருகிறது. நான்தான் தின்று தீர்க்கிறேன்.

உடம்பைப் பற்றி டாக்டர் சொல்வது ஒன்று, நான் பார்ப்பது ஒன்று. மருந்து பிடித்தால் ஓரிரண்டு வருஷம் போகலாம், பிடிக்காவிட்டால் சொல்ல முடியாது, மனசைத் தளரவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்கிறார். அந்தக் கடைசி விஷயம்தான் என் கைக்குள் வரமாட்டேன் என்கிறது.

வியாழக்கிழமை ரேடியோவைப் போட்டேன். நம் டீமை இறுதிச் சுற்றுக்குப் போகும் முதல் நான்கில் சேர்க்கலாமா கூடாதா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருவன் எங்கள் லீக்கையே குப்பை என்றான். நான் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அணைச்சுடு வெர்னா, தலை வலிக்குது" என்றார். ஹோய்ட் வேண்டுமென்றே வாயைக் கிளறினான். "வடக்கத்தியானுங்க அட்டவணைதான் கஷ்டமோ என்னமோ" என்று இவர் எதிரிலேயே சொன்னான். நாற்பது வருஷச் சிநேகிதன், இப்படியொரு பேச்சு பேச அவனுக்கு நாக்கு எவ்வளவு கூசியிருக்கும். இவர், "இருக்கலாம்" என்றார். ஹோய்ட் தொப்பியை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு நின்றான். அழுகிறானென்று எனக்குத் தெரியக்கூடாதாம்.

இன்று அந்தச் சனிக்கிழமை. அவர் பென்சிலால் வட்டம் போட்டு வைத்த சனிக்கிழமை. இப்போது மத்தியானம், இவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒளிந்து எழுத வேண்டிய அவசியமில்லை, யாருக்கு எழுதுகிறாய் என்று கேட்பதையும் விட்டுவிட்டார். டிவியில் வெஸ்ட் கிளேபார்ன் பிள்ளைகள் உதை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பாவம், ஹெல்மெட் கூட ஒருவனுக்கும் சரியாகப் பொருந்தவில்லை. பாதி ஆட்டத்துக்கு முன்பே முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம்.

கண் விழித்தவரிடம் ஸ்கோரைச் சொன்னேன். திரையைப் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "ராய்ஸ் சொன்னது சரிதான். இதெல்லாம் ஒரு ஆட்டமா. இதை வச்சுக்கிட்டு அவன்கிட்ட வீம்பு பேசிட்டிருந்தேன்." சாதாரணமாகத்தான் சொன்னார். போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "அவன் சொன்ன மத்ததும் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

மைதானத்தில் அவர் சாய்ந்தபோது கூட நான் இப்படிப் பயப்படவில்லை ராய்ஸ். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்தேன். விடுகிறார்.

நீ என்மேல் கோபமாக இரு, பரவாயில்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தால் அதை அப்புறம் வைத்துக்கொள். அவரிடம் வந்து அழுது கையைப் பிடித்துக்கொள்ளாதே, அம்மாவைக் குளிப்பாட்டியதற்கு நன்றி சொல்லாதே. அவர் உடனே கணக்கு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவார். வரும் வியாழக்கிழமை நன்றித் திருநாள். நான் வான்கோழி வாங்கியாகிவிட்டது. உன் டீமின் அந்த அசிங்கமான சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வா. வாசலில் கால் வைக்கும்போதே ஆரம்பித்துவிடு. எட்டு ஆட்டம், ஒன்பது ஆட்டம், சோப்ளாங்கி டீம், எல்லாவற்றையும் சொல். எங்கள் லீக்கைக் கேவலமாகப் பேசு. சனிக்கிழமை பரம எதிரியிடம் நாங்கள் தோற்போம் என்று அடித்துச் சொல். அவர் பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தடவை சொல், இன்னும் சத்தமாக.

அவர் தோற்றதாக ஒத்துக்கொண்டார் தம்பி. நீ ஒத்துக்கொள்ளாதே.

டென்னசி மலைப்பாதையில் பனி இருக்கும் என்கிறார்கள், மெதுவாக ஓட்டு. கேரனையும் கூட்டி வா. சமையலறைக் கதவைப் பூட்டாமல் வைக்கிறேன். பீக்கான் பை இரண்டு செய்யப்போகிறேன், ஒன்று போன வருஷத்தது. கடவுள் உன்னைப் பத்திரமாக எங்கள் வீட்டு மேஜைக்குக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அக்கா,
வெர்னா