இடது முன்சக்கரத்துக்கு மட்டும் வேறு ஷூ

ராஜபாளையம்,
ஐப்பசி பத்தாம் தேதி

மரியாதைக்குரிய ஜெபக்குமார் தம்பிக்கு, உங்கள் அப்பாவிடம் முப்பத்தோரு வருஷம் டிரைவராக இருந்த சேக் முகைதீன் சலாம் சொல்லி எழுதச் சொன்னது.

எமர்ஜென்சியை எடுத்த வருஷம் அது. நம்பர் எனக்குத் தெரியாது. அந்த வருஷ ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் ஏழு வீட்டுச் சுவர் விழுந்தது. உங்கள் வீட்டுக்குப் போன் வந்ததும் அப்போதுதான். முதல் மணி அடித்தபோது எல்லாரும் ஓடிவந்து பார்த்ததில் அடுப்பில் பால் பொங்கி வீணானது. என் மூத்தவள் அசீனாவுக்குப் பல் முளைக்கவில்லை. உங்களுக்கு மூன்று வயது. உங்கள் அம்பாசிடர் வண்டியின் இடது முன்சக்கரம் அந்த வருஷம்தான் மாறியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதுகிறவள் என் மருமகள் சுமையா. எனக்கு ரேகை வைக்கத்தான் தெரியும்.

பதினைந்து நாளுக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து போன் பண்ணினீர்கள். "பாய், மூணு தடவ பிரேக் ஷூ செட் மாத்தியாச்சு, பிரேக்கத் தொட்டா வண்டி இடது பக்கமே இழுக்கு" என்றீர்கள். ஆர்.சி. புக்கில் உள்ள வருஷத்தைக் காட்டித்தான் வாங்கினேன் என்று சொல்லி, மெக்கானிக்கையும் கடைக்காரரையும் சேர்த்துத் திட்டினீர்கள். பிரேக் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்கள் என்று சிரித்தீர்கள். கிறிஸ்துமஸுக்கு அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து ஊருக்கு ஓட்டி வருவேன் என்றீர்கள். "பாப்போம் தம்பி" என்று வைத்துவிட்டேன். காரணம் தெரிந்தேதான் வைத்தேன். கடைக்காரர் மேலும் தப்பில்லை, மெக்கானிக் மேலும் தப்பில்லை. இந்தக் கடிதத்தில் உள்ளபடி செய்யாமல் அம்மாவை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள். மற்றதைப் படிக்காவிட்டாலும் இந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

இந்த முதல் தாளை உங்கள் மெக்கானிக் கையில் கொடுங்கள். அவருக்குச் சொல்வது: பின்சக்கரம் இரண்டும், முன்னால் வலது பக்கமும் வண்டியோடு பிறந்தவை. இடது முன்சக்கரத்தில் மட்டும் சக்கரத்தோடு சுற்றும் டிரம், அதை உள்ளிருந்து பிடிக்கும் ஷூ, பின்தகடு எல்லாம் வேறொரு பழைய வண்டியுடையவை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே டிரம் இரண்டு நூல் சின்னது, அதாவது கால் இன்ச். புது ஷூ அதற்குள் போகாது. அதன் மேலுள்ள லைனிங்கைத் தேய்த்து அமுக்கித்தான் ஏற்றியிருப்பார்கள். அப்படி ஏற்றிய ஷூ இறுகி நின்று முதலில் பிடிக்கும். வலது பக்கம் பிடிப்பதற்குள் வண்டி இடது பக்கம் ஓடியிருக்கும். எத்தனை செட் வாங்கினாலும் இதே கதைதான்.

நான் இருந்தவரை அந்தப் பழைய ஷூவைத் தூக்கிப் போட்டதே இல்லை. அதற்கே லைனிங் மாற்றி மாற்றி அடித்து ஓட்டினேன். வேலையை விட்ட பிறகும் பிரேக் வேலைக்கு முதலாளி என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார். சேக் சிக்கனக்காரன், புதுசு கேட்கவே மாட்டான் என்று ஆள் ஆளுக்குச் சொல்லி மெச்சுவார். எனக்கு உள்ளுக்குள் குறுகுறுக்கும். கோயம்புத்தூரில் கழற்றிய அன்றைக்கே அந்த ஷூ குப்பைக்குப் போயிருக்கும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

அதற்கு ஜோடி தேடித்தான் பத்து நாள் அலைந்தேன். அளவுக்கு என்ன செய்ய என்று யோசித்தபோது எங்கள் அடுப்படி ஞாபகம் வந்தது. அந்தப் பழைய வண்டியை உடைத்தபோது நான் வாங்கிவந்த வலது பக்க டிரம்மைத்தான் நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தண்ணீர்ப் பானைக்குப் பிரிமணையாக வைத்திருக்கிறோம். அதைக் கையில் எடுத்ததும் சுமையா, "அப்ப பானைய என் தலையிலயா வைக்க மாமா?" என்று கேட்டாள். இப்போது மூன்று செங்கல் வைத்திருக்கிறாள். பையில் போட்டு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "என்ன பெரியவரே, அம்மியா? லக்கேஜ் போடணுமே" என்கிறான்.

ராஜபாளையத்தில் மூன்று ஸ்பேர் கடை ஏறினேன். ஒரு கடையில், "பார்ட் நம்பர் சொல்லுங்க பெரியவரே, இந்தா எடுத்துத் தாரேன்" என்றார்கள். நம்பர் படிக்கத் தெரிந்தால் பானைக்குக் கீழே கிடந்ததை ஏன் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். இன்னொரு கடையில் உங்கள் வண்டிக்குரிய செட்டையே கொண்டுவந்து, "எல்லாம் ஒண்ணுதான் பாய், செத்தத் தேச்சா ஏறிரும்" என்றார்கள். டிரம்முக்குள் வைத்துக் காட்டினேன். ஏறவில்லை. செட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். அங்கே வைகுண்டராஜ் என்று ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் ஷெட்டில் இப்போது மகன் பாண்டிதுரை பைக் வேலை பார்க்கிறார். "எங்க அப்பா பொண்டாட்டி நகைய வித்தாலும் விப்பாரு, துருப்பிடிச்ச இரும்ப எடைக்குப் போட மாட்டாரு. மேல ஏறிப் பாருங்க" என்று ஏணியைச் சாத்தினார். எழுபத்தாறு வயதில் பரண் ஏறினேன். பழைய டயருக்கு அடியில், அந்தப் பழைய வண்டியின் வலது பக்க ஷூ இரண்டும் சாக்கில் சுற்றிக் கிடந்தன. இந்த ஷூவுக்கு இடம் வலம் கிடையாது, எந்தப் பக்கமும் சேரும். புது லைனிங் ரிவெட் அடித்து, டிரம்முக்குள் சாக்பீஸ் தடவிச் சுற்றிப் பார்த்தேன். லைனிங் முழுக்க வெள்ளை ஒட்டியது. அப்படியென்றால் முழுக்கப் பிடிக்கிறது என்று அர்த்தம். ஷூவையும் டிரம்மையும் பார்சலில் வைத்திருக்கிறேன், இரண்டையும் சேர்த்தே இடது பக்கம் மாட்டுங்கள். பிரேக் சிலிண்டரை மாற்ற வேண்டாம், ரப்பர் கப் மட்டும் மாற்றினால் போதும்.

மெக்கானிக்குக்குரியது இவ்வளவுதான். இனி வருவது இரண்டாவது தாள். இதை அவரிடம் கொடுக்க வேண்டாம்.

தம்பி, அந்த ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. நான் சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வத்திராயிருப்பு போயிருந்தேன். முதலாளியும் ஊரில் இல்லை. வண்டி ஷெட்டில் நிற்கிறது, ஓட்ட ஆளில்லை. உங்கள் அம்மா உங்களைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் ஆஸ்பத்திரிவரை ஓடினார்கள். உங்களைப் பார்த்துக்கொண்ட கருத்தம்மாள் பின்னாலேயே குடையோடு ஓடினாள். பிழைத்தது ஆண்டவன் புண்ணியம். நான் திரும்பிவந்த அன்றைக்கு அம்மா, "பாய், வண்டி நின்னு என்ன பிரயோஜனம்? எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்றார்கள். முதலாளியிடம் கேட்டதற்கு, பொம்பளை ஸ்டியரிங் பிடித்தால் ஊர் சிரிக்கும் என்று முடித்துவிட்டாராம்.

அவருக்குத் தெரியாமல்தான் ஆரம்பித்தோம். ராஜபாளையத்துக்காரர் கண்ணில் படக்கூடாது என்று வன்னியம்பட்டி ரோட்டுக்குப் போவோம். அம்மா ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், கருத்தம்மாள் உங்களை மடியில் வைத்துக்கொண்டு பின்னால். பதினோரு நாள் ஓட்டினார்கள். எத்தனையோ பேருக்கு நான் ஓட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவர்களைப் போல் கியர் சத்தமில்லாமல் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருந்தது. முதலாளி மெட்ராஸ் போயிருந்தார். ரோட்டில் ஆடு குறுக்கே வந்தது. அம்மா பிரேக்கை மிதித்தார்கள். வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் பாலத்துக் கட்டையில் மோதியது. இடது முன்சக்கரம் நொறுங்கியது. உங்கள் இடது புருவத்துக்கு மேலே இருக்கும் வடு ஊஞ்சலில் விழுந்தது என்றுதான் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அன்றைக்கு முன்சீட்டுக் கம்பியில் பட்டது அது.

ராஜபாளையத்தில் வேலை பார்த்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரியும். அதனால் லாரியில் கட்டி இழுத்து வைகுண்டராஜ் ஷெட்டில் விட்டேன். அவரிடம் உடைக்கப் போட்டிருந்த ஒரு பழைய அம்பாசிடர் நின்றது. அதன் இடது பக்கத்தை அப்படியே கழற்றி இதில் மாட்டினோம். முதலாளி வருவதற்குள் வண்டி ஷெட்டில் நின்றது. அம்மா என்னைக் கூப்பிட்டு, "உங்க அல்லா மேலயும் சொல்லுங்க, எங்க ஏசு மேலயும் சொல்லுங்க, யார்ட்டயும் வாய் திறக்கக்கூடாது" என்று சத்தியம் வாங்கினார்கள். "என் காலே என் பிள்ளையக் கொல்லப் பாத்திருச்சே பாய். இனி இதத் தொட மாட்டேன்" என்று அழுதார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

ஏன் குனிந்தேன் என்று சொல்கிறேன். வைகுண்டராஜ் வலது பக்கச் சக்கரத்தையும் ஒரு பார்வை பார்ப்போம் என்று கழற்றினார். லைனிங் முழுக்க கிரீஸ். முந்தின வாரம் நான்தான் அந்தச் சக்கரத்தில் கிரீஸ் வைத்தேன். அவசரத்தில் அளவுக்கு மேல் திணித்துவிட்டேன். அது வழிந்து பிரேக்குக்குள் இறங்கியிருக்கிறது. வலது பக்கம் வழுக்க, இடது பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது. வைகுண்டராஜ் என் முகத்தைப் பார்த்து, "ஏலே சேக்கு, இது அந்தம்மா கால் செஞ்ச வேலையில்லல. ஒன் கை செஞ்ச வேலை" என்றார். நான் பெட்ரோல் விட்டுத் துடைத்தேன். வேலை போய்விடும், கைக்குழந்தை இருக்கிறதே என்று பயம். அம்மா சரியான நேரத்தில், சரியாகத்தான் மிதித்தார்கள். அதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

இந்த இடத்தில் சுமையா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது தாயி என்று சொல்லியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு அம்மா முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை, முதலாளி கூப்பிட்டாலும். அவருக்குக் கண் மங்கின காலத்தில் ஒருநாள் வண்டியில் போகும்போது, நீயாவது ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். நான் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன். சத்தியம் வாங்கிக்கொண்டது அவர்களுடைய ரகசியத்துக்கு. அதற்குள் என் தப்பை ஒளித்துவைத்துக்கொண்டவன் நான். அவர்களைக் கேட்காமல் இன்று அதை உடைக்கிறேன். முன்சீட்டில் அம்மாவை உட்காரவைத்து, இடது பக்கம் இழுக்கிற பிரேக்கோடு நீங்கள் வருவதாகச் சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்சல் வந்ததும் மாட்டுங்கள். முதலில் ஆளில்லாத ரோட்டில் நீங்கள் மட்டும் ஓட்டி நாலு தடவை பிரேக் போட்டுப் பாருங்கள். வண்டி நேராக நின்றால் இந்தத் தாளை அம்மாவுக்கு நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். புருவத்து வடுவைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்காதீர்கள். அவர்கள் காலில் குற்றமில்லை என்று மட்டும் சொல்லுங்கள். என்னைத் திட்ட வேண்டும் என்றால் போன் போடச் சொல்லுங்கள். பகல் முழுக்கப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

நீங்களும் உங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க ஆண்டவனைக் கேட்கிறேன். முதலாளி போய் ஆறு வருஷம். வைகுண்டராஜ் போய்ப் பதினொன்று. கருத்தம்மாள் போன பங்குனியில் போய்விட்டாள். அவளிடமும் நான் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு மிச்சமிருப்பது உங்கள் அம்மா பரிபூரணம் ஒருவர்தான்.

இப்படிக்கு,
சேக் முகைதீன்
(இடது பெருவிரல் ரேகை)