வளையாத ஆறு வில்லும் வளைந்த ஒன்றும்

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் அரீபாவுக்கு, உன் அத்தா அன்வருதீன் சொல்லச் சொல்ல ஜெராக்ஸ் கடை சுமலதா எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அதேபோல் பிரான்சு ஸ்த்ராஸ்பூரில் நீயும் மாப்பிள்ளை உஸைரும் குழந்தை இஃப்ஃபத்தும் அந்தக் குளிரில் இருமல் சளி எட்டிப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாரத்துக்கு மூன்று தடவை போனில் முகம் பார்த்துப் பேசுகிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. நான் வாயைத் திறந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வார்த்தைக்கும் திருத்தம் சொல்கிறாள். போன வாரம் அவள் வில் விஷயத்தைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு வாசல் வரைக்கும் கேட்டது. அவள் சொன்னதில் பொய் இல்லை, ஆனால் கடைசியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். நான் முதலிலிருந்து சொல்கிறேன், படித்துவிட்டு நீயே நியாயம் சொல்.

பங்குனி மாசம் என் வலது தோள் இறுகிப்போய்ச் சட்டைக்குள் கையை விட முடியாமல் கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போனேன் அல்லவா. அங்கே இருந்த டாக்டர் பெண், உன்னைவிடச் சின்னவள், தாத்தா தினமும் எதையாவது இழுத்து இழுத்து விடணும் என்று சொல்லி ஒரு பச்சை ரப்பர் பட்டையைக் கொடுத்தாள். அதை உன் அம்மா அன்றைக்கே மாடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டாள். இழுக்க ஒன்றும் இல்லாமல் போனதால்தான் வில் செய்ய உட்கார்ந்தேன், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நாற்பத்து மூன்று வருஷம் மெத்தைக்குப் பஞ்சு அடிக்கிற வில்லைப் பிடித்தவனுக்கு வேட்டை வில் ஒரு பெரிய வேலையா என்று நினைத்தேன். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது ஊசுட்டேரிப் பக்கம் கொக்கு அடிக்க வந்த ஒருவர் கையில் அந்த மாதிரி வில்லைப் பார்த்திருக்கிறேன். வில் அவர் மூக்கு உயரம், பிடிக்கிற இடத்தில் தோல் சுற்றியிருந்தது, நாண் கற்றாழை நார், அவர் இடது காலில் செருப்பு இல்லை. எனக்குப் படிப்பு மண்டையில் ஏறவில்லை, பார்த்தது எதுவும் மண்டையை விட்டு இறங்கவும் இல்லை. அவர் வைத்திருந்த மாதிரியே செய்ய வேண்டும், ஆணி கூடாது, பசை கூடாது, நைலான் கயிறு கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். கொம்பை நிழலில் மாசக்கணக்கில் காயவைத்து, உளியால் செதுக்கி, உடைந்த கண்ணாடியால் சுரண்டி, இலுப்பை எண்ணெய் தேய்த்து, கற்றாழை நாரை முறுக்கித் தேன்மெழுகு பூசி நாண் கட்டி, நாணல் தட்டையை நெருப்பில் காட்டி நிமிர்த்தி அம்பு செய்து, அதன் வாலுக்குக் கோழி இறகும் கட்டினேன். உன் அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஆணி வேணாம் பசை வேணாம் நைலான் வேணாம், பொண்டாட்டி மட்டும் எதுக்கு, அதுவும் காட்டுலயே கெடைக்குதான்னு பாருங்க என்றாள்.

இப்போது என் தப்பைச் சொல்கிறேன், மறைக்கவில்லை. பஞ்சு அடிக்கிற வில்லில் மரம் வளையவே கூடாது. நரம்பை இழுத்துக் கட்டி, கட்டையால் தட்டினால் நரம்பு அதிர வேண்டும், மரம் சிலை மாதிரி நிற்க வேண்டும், வளைகிற மரம் என்றால் எங்கள் தொழிலில் அது விறகுக்குத்தான். அந்தப் புத்தி கையிலேயே ஊறிப்போயிருந்தது. முதலில் ஆயம்மா வீட்டுக் கொய்யாக் கொம்பில் ஒன்று செய்தேன், பக்கத்து வீட்டு ஆயம்மாதான், இழுத்தால் வில் வளைந்தது, சீ மட்டமான மரம் என்று அதை அவள் அவரைக்கொடிக்கே ஊன்றிவிட்டேன். அது கணக்கில் இல்லை, அதற்குப் பிறகு புளி, வேம்பு, கருவேலம் என்று ஆறு வில் செய்தேன், ஒவ்வொன்றும் என் முழங்கை தடிமன், ஒன்றாவது வளைய வேண்டுமே. நாணைத் தட்டினால் டொய்ங் என்று தெருக்கோடி வரை கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பேன். முதலியார்பேட்டை சொல்தா தணிகாசலத்தை உனக்குத் தெரியும், பிரான்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்சனில் மீசை வளர்க்கிறவர், அவர் ஒருநாள் வந்து ஆறையும் தூக்கிப் பார்த்து, பாய், வில்லுன்னா வளையணும், இது வில்லு இல்ல, கட்டில் காலு என்றார். சத்தத்தைக் கேளுங்க அப்புறம் பேசுங்க என்று தட்டிக் காட்டினேன். கொக்கு பாட்டு கேக்கவா வருது என்றார். அவர் வாயை அடைப்பதற்காக மட்டும் கல்மூங்கிலில் ஏழாவதாக ஒன்று செய்தேன். மூங்கிலின் வெளித்தோலைத் தொடாமல் உள்பக்கத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டி வில்லின் இரண்டு கையும் ஒரே மாதிரி வளைகிற வரைக்கும் மெலிய வைத்தேன். தட்டினால் தவளை கத்துகிற மாதிரி ஒரு சத்தம். எனக்கே வெட்கமாக இருந்தது, துடைப்பத்தோடு சேர்த்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டேன்.

சண்டை எப்படி வந்தது என்றால், மாடியில் நின்று கருவேல வில்லில் அம்பு வைத்து இழுத்தேன், அம்பு முன்னால் போகாமல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நேராகக் கீழே விழுந்துவிட்டது. மாடியிலிருந்து விழுந்தால் எந்த அம்பும் வேகமாகத்தான் போகும். கொஞ்ச நேரத்தில் ஆயம்மா அம்பை எடுத்துக்கொண்டு வந்தாள், அதன் முனையில் ஒரு வாளைக் கருவாடு கோத்திருந்தது. பாய், மீன் வேட்டைக்கா கெளம்பிட்டீங்க, இது செத்துப் பத்து நாளு ஆச்சு, நானே உப்பு தடவி வச்சிருந்தேன் என்றாள். நான் சிரித்திருக்கக் கூடாது. உன் அம்மா சிரிக்கவில்லை. இன்னிக்குக் கருவாடு, நாளைக்கு யாரு தலையோ என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை என் அம்மா இறந்த நாளுக்கு ஓதும் வருஷ பாத்திஹா, பின்கட்டில் விறகு அடுப்பு மூட்டிப் பிரியாணி. அந்த வெள்ளிக்கிழமை காலையில் எல்லார் முன்னாலும் மாடியில் பன்னிரண்டு தப்படி தள்ளி நின்று மூன்று அம்புக்குள் ஒன்றையாவது குறியில் அடிக்க வேண்டும், அடிக்காவிட்டால் ஏழு வில்லும் அடுப்புக்கு, இந்த வீட்டில் இனிமேல் வில் என்ற பேச்சே கூடாது என்றாள். ரோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். அரீபா, அந்த ஒரு வாரம் நான் பட்ட பாட்டை நீ நினைத்துப் பார். மெத்தைக் கடையை மூடியதிலிருந்து விடிகாலை பஜ்ரு தொழுதுவிட்டு வந்தால் போய் உட்கார எனக்கென்று ஒரு மூலை இல்லாமல் இருந்தது, இந்த வில் வந்த பிறகுதான் அந்த மூலை கிடைத்தது, அதையும் பிடுங்கிவிட்டால் நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து உன் அம்மா பார்க்கும் நாடகத்தில் யார் யாருக்கு மாமியார் என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு மாடியில் கூடினோம், நான், உன் அம்மா, ஆயம்மா, தணிகாசலம். குறி வைத்தது நீ எட்டாவது படிக்கும்போது இங்க் கொட்டிய மெத்தை. நீ கொட்டிய அன்றைக்குப் புதன்கிழமை, பழியை நீ பூனை மேல் போட்டாய், அந்தப் பூனை இரண்டு நாளாக ஊரிலேயே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும், சொல்லவில்லை. அந்த மெத்தையைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் நிமிர்த்திச் சாத்தினோம், அந்த நீலக் கறைதான் குறி. தணிகாசலம் ராணுவ நடை நடந்து பன்னிரண்டு தப்படி அளந்தார், எனக்கு அது பதினைந்து மாதிரி தெரிந்தது. எந்த வில்லை எடுப்பது என்று கேட்டபோது மூங்கில் வில்லை எடுங்க பாய் என்று அவர் கண்ணைக் காட்டினார். நான் கேட்டேனா. புளிய வில்லை எடுத்து ஒரு தட்டுத் தட்டினேன், டொய்ங். அவர் அன், தே, த்ருவா என்று பிரெஞ்சில் எண்ணினார். முதல் அம்பு நான்கு தப்படி போய்க் களைத்துப் படுத்துக்கொண்டது. இரண்டாவது எங்கே போனது என்று நாலு பேரும் தேடினோம், கடைசியில் என் கைலியில் செருகியிருந்தது. மூன்றாவதுக்கு என் பலம் எல்லாம் சேர்த்து இழுத்தேன், அம்பு வில்லை விட்டே கிளம்பவில்லை. வில்லு வளையல, பாய் முதுகுதான் வளையுது என்றார் தணிகாசலம். ஆயம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். உன் அம்மா ஒவ்வொரு வில்லாக எடுத்துக் கக்கத்தில் இடுக்க ஆரம்பித்தாள். நான் தொட்டிச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கீழே போய்க் கதவுக்குப் பின்னால் இருந்த மூங்கில் வில்லையும் அவள் மறக்காமல் மாடிக்கு எடுத்து வந்தாள், எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டக் கயிறு தேடினாள். அப்போது தணிகாசலம், தங்கச்சி, எரிக்கிறதுக்கு முன்னாடி அதை ஒரு வாட்டி இழுத்துத்தான் பாரேன், எரியப்போற கட்டைதானே என்றார். உன் அம்மா, இதுல இன்னா இருக்கு இழுக்கறதுக்கு என்று சொல்லிக்கொண்டே முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, தரையில் கிடந்த அம்பை எடுத்து நாணில் வைத்தாள். உனக்கு ஞாபகம் இருக்கும், மெத்தை தைக்கும்போது ஊசியைக் குத்தி வாங்கி, இடது கையால் மெத்தையை நீட்டித் தள்ளி, வலது கையால் நூலைக் காதுக்குப் பின்னால் வரைக்கும் ஒரே இழுப்பாக இழுப்பாளே. அதே இழுப்பு. நாற்பது வருஷத்தில் எத்தனை லட்சம் தடவை இழுத்திருப்பாள். மூங்கில் அவள் சொன்னபடி வளைந்தது. விட்டாள். அம்பு இங்க் கறைக்கு நடுவில் கோழி இறகு வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஆயம்மா, யக்கா என்றாள். உன் அம்மா தன் கையைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. இன்னொரு அம்பு குடுங்க என்றாள். கொடுத்தேன். அதுவும் கறையில். பிறகு இன்னொன்று. பதினோரு அம்பு விட்டாள், ஒன்பது கறைக்குள், இரண்டு கறையின் ஓரத்தில், அந்த இரண்டுக்கும் காத்து அடிச்சிது என்றாள். காற்று அடிக்கவில்லை. யக்கா அரிசி ஊறி மாவாப் போவுது என்று ஆயம்மா கூப்பிட்ட பிறகுதான் இறங்கினாள்.

ஆறு வில்லும் எரிந்தது, அதில் அவள் சொன்ன சொல் தவறவில்லை. பிரியாணி நன்றாக வந்ததையும் சொல்லத்தான் வேண்டும், நன்றாகக் காய்ந்த புளியங்கட்டை, தணல் நின்று தம் பிடித்தது. ஓத வந்த பள்ளிவாசல் ஹஜ்ரத் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னா வெறகு இது என்று கேட்டார், தணிகாசலம், வில்லு என்றார். ஹஜ்ரத் அடுப்பை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். ஏழாவதை மட்டும் உன் அம்மா பீரோவுக்குப் பக்கத்தில் தன் தொழுகைப் பாய் மாட்டும் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். மறுநாள் காலை என் மூலைக்கு வந்து நின்று, இதே மாதிரி வளையறதா இன்னும் ரெண்டு செய்யுங்க, சத்தம் எனக்கு வேணாம் என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆக என் மூலை எனக்குக் கிடைத்துவிட்டது. சுமலதா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரிக்கிறாள், இந்த வரி கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

நான் உன்னிடம் கேட்பது இரண்டுதான். ஒன்று, போனில் அவளை ரொம்பவும் மெச்சாதே, நீ மெச்சுகிற அன்றைக்கெல்லாம் அடுப்பில் ஆணம் கொஞ்சம் தீய்ந்துவிடுகிறது. இரண்டாவது, சித்திரையில் நாங்கள் அங்கே வரும்போது வில்லையும் எடுத்து வருவேன் என்று அடம் பிடிக்கிறாள், ஏரோப்ளேனில் விட மாட்டான் என்று நான் சொன்னால் பொறாமை என்கிறாள், மாப்பிள்ளையை விட்டுச் சொல்லச் சொல், அவர் பேச்சுக்கு மரியாதை உண்டு. எனக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது வில்லைத் தரச் சொல்லலாம் என்று நினைத்தேன், வேண்டாம், விட்டுவிடு. நேற்று சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு மாடியில் மெத்தையிலிருந்து அவள் விட்ட அம்புகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன், சீக்கிரம் வாங்க, வெளிச்சம் போவுது என்றாள். புதிதாகச் செய்த எட்டாவது வில்லை நீட்டினேன். இழுத்துப் பார்த்தாள், மேல் பக்கம் இன்னும் கொஞ்சம் சுரண்டணும் என்று திருப்பிக் கொடுத்தாள். அதெல்லாம் சரியாத்தான் இருக்கு என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவள் கீழே போன பிறகு தடவிப் பார்த்தேன், மேல் பக்கம் கொஞ்சம் தடிப்புதான். கண்ணாடித் துண்டை எடுத்துச் சுரண்டிவிட்டேன். இதை அவளிடம் சொல்லிவிடாதே.

இஃப்ஃபத்துக்குக் காதை மூடிக் குல்லாய் போடு, பால் காய்ச்சும்போது இரண்டு மிளகு தட்டிப் போடு. மாப்பிள்ளைக்கு என் சலாம். உங்கள் மூவருக்கும் வருமானத்தில் பரக்கத்தும், உடம்பில் ஆரோக்கியமும், வீட்டில் நிம்மதியும் அல்லாஹ் நிறைத்துத் தரட்டும். பதிலை வீட்டு விலாசத்துக்கு எழுதாதே, சுமலதா கடை விலாசத்துக்கு எழுது.

என்றும் உன் துஆவில் என்னையும் சேர்க்கச் சொல்லும்,
உன் அத்தா
அன்வருதீன்
(இடது கைப் பெருவிரல் ரேகை, கொஞ்சம் தேன்மெழுகு ஒட்டியிருக்கிறது)