எழுத்தில்லாத மூடிகள்

செவ்வாய்.

ஓம், அழகுக்காகத்தான் வாங்கினேன். கீபோர்ட் விசைகளின் பழைய மூடிகள் தேய்ந்து பிசுபிசுத்திருந்தன. புதியவை மழைக்கால வாவியின் சாம்பல் நிறம், ஒன்றிலும் எழுத்தில்லை. நான் பார்க்காமல் அடிப்பவள். அம்மா பார்த்துத்தான் அடிப்பார் என்பது தெரிவுசெய்யும்போது நினைவுக்கே வரவில்லை.

பழைய மூடிகளில் தமிழெழுத்துகளை ஒட்டியது தம்பி, கட்டாருக்கு வேலைக்குப் போவதற்கு முன். பின்னேரங்களில் அம்மா இரண்டு விரலால் அவனுக்கு நீளநீளமாக எழுதுவார். என்னை எட்டிப் பார்க்க விடமாட்டார்.

இன்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்தவர், கீபோர்டையே பார்த்தார்.

"என்ன மகள், எழுத்தையெல்லாம் எலி திண்டுட்டுதா?"

சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, "நான் சொல்றன், நீ அடி" என்றார்.

"நாங்க சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு."

அடித்துவிட்டு, "வேற, அம்மா?" என்று கேட்டேன்.

"வேற என்ன. அவ்வளவுதான்."

எழுந்து சமைக்கக் குசினிக்குப் போய்விட்டார். என் வழியாக அவனிடம் சொல்லக்கூடியது அவருக்கு அவ்வளவுதான்.

பழைய மூடிகளை எறியாமல் வைத்திருந்தேன். துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகத் திரும்பப் பொருத்தினேன். 'ழ' உரிந்து போயிருந்தது. பேனையால் எழுதினேன்.