வலது கோடிச் சுரம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை. மழை இப்போதுதான் விட்டது.

பின்லாந்து இசையமைப்பாளர் ஒருவரின் மூன்றாவது பியானோ சொனாட்டாவை வரதராஜன்பேட்டையில் என்னைத் தவிர யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். முடிவில் பியானோவின் வலது கோடியிலிருந்து, உச்ச ஸ்தாயியில், ஒரே சுரம் நான்கு முறை, மிக மெதுவாக ஒலிக்கும். புதிதாக வந்திருக்கும் பதிவில் அது இல்லை. வாசித்த பெண் விட்டுவிட்டாள் என்று அந்த வீடியோவின் கீழேயே கோபமாக எழுதிப் போட்டேன்.

சாயங்காலம் திருச்சியிலிருந்து மகள் ஜெனி வந்தாள். அவளுக்குப் போட்டுக் காட்டினேன்.

"எங்க விட்டாங்கப்பா? இப்பதான நாலு தடவ அடிச்சாங்க."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். வேறொருவர் வாசித்த பழைய பதிவைப் போட்டேன். பல வருஷமாக அதில் அந்தச் சுரத்தைக் கேட்டு வருகிறேன். இன்று அதிலும் இல்லை.

"இதுலயும் இருக்குப்பா" என்றாள். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லாதே என்றேன்.

ஞாயிறு பூசைக்குக் கோயிலில் நான்தான் கீபோர்டு. போன வாரம் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி ஃபாதர் இரண்டு முறை கை காட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. இப்போது அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது.

சற்று முன் என் மனைவி புரண்டு படுத்தாள். "இந்தச் சில்வண்டு தூங்கவே விடமாட்டேங்குதுங்க. ஜன்னலச் சாத்துங்க."

எழுந்து போய்ச் சாத்தினேன். இந்த வருஷம் சில்வண்டே வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.