மரமண்டைச் சோதனை

ஜனவரி 12

பல்கலைக்கழகத்தை ஒற்றைத் தோளில் சுமக்கும் என் மருமகளுக்கு,

தையற்கலையின் சக்கரவர்த்தி, உன் தாய்மாமன், அரியணையில் (தையல் மெஷின் ஸ்டூலில்) அமர்ந்து எழுதும் திருமுகம். நான் நலம். நீ நலமில்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது; எழுத்தெல்லாம் பட்டினி கிடந்ததுபோல் சாய்ந்து நிற்கிறது.

ஆய்வேடு நகரவில்லை என்று அழுதது போதும். வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போ. அவர் முறைத்தால் நீ சீட்டை முறை. தினமும் ஒரு பக்கம் எழுது. மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை. மட்டமான துணியையும் வெட்டிச் சரிசெய்துவிடுவேன். இல்லாத துணியைத் தைக்க என்னாலேயே ஆகாது. பக்கத்து மேசைக்காரி எவ்வளவு முடித்தாள் என்று எட்டிப் பார்க்காதே. சாப்பிடு.

ஒவ்வொரு அத்தியாயமும் என் தர்பாருக்கு வந்தாக வேண்டும். இந்த மரமண்டைக்குப் புரிந்தால் ஈரேழு பதினாலு லோகத்துக்கும் புரியும். அப்போதுதான் ‘சபாஷ்’ முத்திரை. முத்திரையில்லாமல் சமர்ப்பித்தாயோ, பட்டமளிப்பு மேடையிலேயே உன் அங்கியின் பொத்தான்களை அறுப்பேன்.

இப்படிக்கு,
மாமன்னன்

மார்ச் 3

அன்புள்ள மாமா,

மூன்று அத்தியாயங்களுக்கும் நீங்கள் போட்ட சபாஷைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். சீட்டு வைத்தியமும் பலித்தது. வழிகாட்டி இப்போது முறைப்பதில்லை, கொட்டாவிதான் விடுகிறார்.

நான்காவதை இத்துடன் அனுப்புகிறேன். இதுதான் ஆய்வின் உயிர். இரை தேடிப் போன எறும்பைத் தூக்கி வேறிடத்தில் விட்டால் அது எப்படி வீடு தேடுகிறது என்பது. செப்டம்பர் கடைசிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். சீக்கிரம் முத்திரை போடுங்கள்.

உங்கள் மருமகள்

ஏப்ரல் 20

மருமகளே,

புரியவில்லை. இந்த எறும்பு முதலில் எதற்காக வீட்டைவிட்டுப் போனது? அதைச் சொல்லாமல் என்ன ஆராய்ச்சி?

இங்கே ஒரு சாதனை. ஒருவர் சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்துவிட்டேன். ஆள் மலைத்துப் போனார். "இன்னொரு கை முளைச்சா அப்புறம் எங்கிட்டதான் ஓடி வருவீங்க" என்றேன். உன் அத்தை மட்டும் சிரிக்கவில்லை. ரசனை கெட்டவள்.

எளிமையாக எழுதி அனுப்பு.

மாமன்னன்

ஜூன் 8

அன்புள்ள மாமா,

திரும்பத் திரும்ப எழுதியாயிற்று. படங்களைச் சேர்த்தேன், கணக்கை எடுத்தேன். எறும்பு எதற்குப் போனது என்பதை முதல் வரியிலேயே வைத்தேன். மறுபடியும் நீங்கள் அதையே கேட்டிருக்கிறீர்கள்.

பழைய வடிவமே நன்றாக இருந்தது என்று வழிகாட்டி சத்தம் போட்டார். "பரீட்சகர் யாரு, நாங்களா உன் மாமாவா?" என்று கேட்டுவிட்டார். நான் உங்களைத்தான் நம்புகிறேன். உங்களுக்குப் புரியவில்லை என்றால் எனக்கே புரியவில்லை என்றுதான் அர்த்தம். இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லையோ என்று இருக்கிறது.

மூன்று கைச் சட்டையை ஆய்வுக்கூடத்தில் சொன்னேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உங்கள் புளுகு இல்லாவிட்டால் நான் எப்போதோ மூட்டை கட்டியிருப்பேன்.

உங்கள் மருமகள்

ஜூலை 29

மருமகளுக்கு,

வழிகாட்டியைப் பார்க்கப் போகும்போது கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போ. இதை நான் உனக்குச் சொன்னதே இல்லை, பார்.

நூல் வாங்கப் போனேன். திரும்புவதற்குள் நம் தெருவைச் சுருட்டி எங்கேயோ எடுத்துப் போய்விட்டார்கள். நான் விடுவேனா? நகரத்தையே சல்லடையாகச் சலித்தேன். கடைசியில் தெருவைக் கையோடு பிடித்துக்கொண்டு உன் அத்தை எதிரே வந்தாள். அழுதுகொண்டு வந்தாள். எதற்கென்று தெரியவில்லை.

எறும்பு ஏன் போனது? அதை எழுது.

மாமன்

செப்டம்பர் 6

மாமா,

அத்தை போன் செய்தாள். மூன்று கைச் சட்டை நிஜமாமே. தெரு தொலைந்ததும் நிஜமாமே. "அவர் வழக்கம்போல அளக்கறார்னுதாம்மா நானும் இருந்துட்டேன்" என்றாள். டாக்டர் சொன்னதையும் சொன்னாள். நானும் சிரித்தேன் மாமா. ஊரைக் கூட்டிச் சிரித்தேன்.

நான்காவது அத்தியாயத்தை மேலும் திருத்தாமல் அப்படியே வைத்துவிட்டேன். அதில் ஒரு குறையும் இல்லை. இது உங்களுக்காக மட்டும்:

எறும்பு இரை தேடிப் போனது. வீட்டில் மற்றவை பசியோடு இருந்தன. திரும்புகிற வழி அதற்குத் தெரியும். வழியில் நாங்கள் அதைத் தூக்கி வேறிடத்தில் விட்டோம். வீடு இருக்கும் என்று நினைத்த இடத்துக்கு அது நேராகப் போனது. அங்கே வீடு இல்லை. சுற்றிச் சுற்றித் தேடியது. தேடுவதை விடவில்லை.

முத்திரை வந்தால் அடுத்த நாளே சமர்ப்பித்துவிட்டு வண்டி ஏறுவேன். வராவிட்டாலும் வருவேன்.

உங்கள் மருமகள்

செப்டம்பர் 21

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தாங்கள் அனுப்பிய எறும்புக் கதை கிடைத்தது. ஒரு வரி விடாமல் புரிந்தது. பாவம் அந்த எறும்பு. ஈரேழு பதினாலு லோகத்திலும் இப்படித் தெளிவாக எழுத ஆளில்லை.

ஒரு உதவி. எனக்கு ஒரு மருமகள் இருக்கிறாள், அவளும் எறும்பைத்தான் ஆராய்கிறாள். கெட்டிக்காரி. ஆனால் சமீபத்தில் அவள் எழுதுவது எனக்குப் புரிவதில்லை. என்னால் அவளுக்குத் தாமதமாகிறதோ என்று கவலையாக இருக்கிறது. எங்காவது பார்த்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அதட்டாதீர்கள், உடனே அழுதுவிடுவாள். சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.

தங்களுக்கு என் சபாஷ். இதை நான் எல்லோருக்கும் தருவதில்லை.

இப்படிக்கு,
தையற்காரர்